முட்டைத் தோல் செல் சவ்வு இல்லை: நீலச் சாயம், வெங்காயம், யூரியா வைத்துச் செய்து பார்த்தது

வாத்து முட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு உப்பு முட்டை செய்கிற வீடுகள் ரங்கூனில் ஏராளம். ஜாடி நிறையக் கெட்டியான உப்புக் கரைசல், மூன்று நான்கு வாரம் பொறுமை, அவ்வளவுதான். பிறகு வேகவைத்துப் பிளந்தால் வெள்ளைக்கரு கரிக்கும், மஞ்சள்கரு இறுகி ஓரத்தில் எண்ணெய் கசியும். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இதையே தொழிலாகச் செய்கிறார். கோடை விடுமுறையில் கோயில் மண்டபத்துக்குத் தமிழ் படிக்க வரும் பிள்ளைகள், அப்படியே மாலையில் என்னிடம் அறிவியலும் கேட்டுக்கொள்வார்கள். எல்லோரும் அந்த முட்டையைத் தின்று வளர்ந்தவர்கள்.

அவர்களிடம் போய், "முட்டை ஓட்டை வினிகரில் கரைத்தால் உள்ளே ஒரு சவ்வு தெரியும், அது தண்ணீரை மட்டும் விடும், உப்பை விடாது, செல் சவ்வும் இப்படித்தான்" என்று வழக்கமான பாடத்தைச் சொன்னால் என்ன ஆகும்? ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னைச் 'சயாமா' (பர்மிய மொழியில் ஆசிரியை) என்று அழைத்துக் கேட்டுவிட்டான்: "உப்பை விடாதுன்னா பெரியம்மா முட்டை எப்படி சயாமா கரிக்குது?"

நியாயமான கேள்வி. முட்டைச் சோதனை உலகம் முழுக்கப் பள்ளிகளில் நடப்பதுதான். அது சவ்வூடுபரவலைக் காட்டும், அதாவது தண்ணீர் ஒரு சவ்வு வழியே கெட்டியான கரைசல் உள்ள பக்கத்துக்குப் போவதை, மறுக்கவில்லை. ஆனால் செல் சவ்வு எப்படிப்பட்டது என்பதைப் பற்றித் தப்பான படத்தை மனதில் பதித்துவிடும் என்பது என் கட்சி. அதனால் முட்டையில் தொடங்கி, அது எங்கே கைவிடுகிறதோ அங்கிருந்து வெங்காயத்துக்குப் போனோம். செய்ததைச் செய்த வரிசையில் எழுதுகிறேன்.

முட்டை வேலை சுலபம். கோழி முட்டையைக் கண்ணாடிக் கிளாசில் வைத்து மூழ்கும்வரை வினிகர் ஊற்ற வேண்டும். உடனே ஓட்டின் மேல் குமிழ் குமிழாக நுரைக்கும். ஓடு கால்சியம் கார்பனேட், அது அசிட்டிக் அமிலத்தில் கரையும்போது வெளியேறுகிற கரியமில வாயுதான் அந்தக் குமிழ். நுரை அடங்கியதும் வினிகரை மாற்றி இன்னும் ஓர் இரவு விட்டால், விரலால் தேய்க்கிறபோதே ஓடு மாவாகக் கழன்று வரும். மிஞ்சுவது ரப்பர் பந்து மாதிரி நெகிழும் முட்டை. வினிகரிலும் பெரும்பகுதி தண்ணீர்தான் என்பதால் இந்தக் கட்டத்திலேயே முட்டை உப்பியிருக்கும். பலர் வெறும் தண்ணீரில் போட்ட பிறகுதான் உப்புகிறது என்று எழுதுகிறார்கள், அளந்து பார்க்காததால் வருவது அது.

இந்த முட்டையை, ஐஸ்கிரீமுக்குப் போடுகிற நீலச் சாயம் கலந்த தண்ணீரில் ஓர் இரவு வைத்தோம். காலையில் தட்டில் வைத்து ஊசியால் குத்தினால் பீய்ச்சி அடித்தது, அழுத்தம் அவ்வளவு. பிள்ளைகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஆனால் நான் காட்ட விரும்பியது அதை இல்லை. தட்டில் வழிந்த வெள்ளைக்கருவைப் பாருங்கள் என்றேன். நீலமாக இருந்தது. சாயம் தோலைத் தாண்டி உள்ளே போயிருக்கிறது. உப்பும் அப்படித்தான் போகும். பெரியம்மாவின் வியாபாரம் அதை நம்பித்தான் நடக்கிறது.

முட்டையின் உள்தோல் புரத நார்களால் பின்னிய வலை. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படலம், மழுங்கிய முனையில் மட்டும் பிரிந்து நடுவே காற்றுப்பை இருக்கும். வேகவைத்த முட்டையை உரிக்கும்போது கையில் ஒட்டுகிற அதே தோல்தான். கொசுவலை மாதிரி, கண்ணி அளவுக்குச் சிறியது எதுவானாலும் போகும், பெரியது நிற்கும். உப்பின் அயனிகளும் சாய மூலக்கூறும் அதற்குச் சின்னவை. வெள்ளைக்கருவில் உள்ள ஓவால்புமின் புரதத்தின் மூலக்கூறு எடை சுமார் 45,000, அது வெளியே வர முடியாது. உள்ளே மாட்டிக்கொண்ட புரதம் தண்ணீரை இழுக்கிறது, முட்டை உப்புகிறது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் குழாய்களும் அளவு பார்த்தே பிரிக்கின்றன: யூரியாவை விடும், புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். செல் சவ்வு அளவை மட்டும் பார்க்கிற வலை கிடையாது. அதைக் கண்ணால் காட்ட உயிருள்ள செல் வேண்டும், செல்லைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும்.

மைக்ரோஸ்கோப் வாங்கவில்லை, செய்தோம். நடைபாதையில் விற்கிற லேசர் பாயிண்டரின் முன்மூடியைத் திருகினால் உள்ளே பச்சரிசி அளவில் ஒரு லென்ஸ் இருக்கும். அதைச் சேலைக்குக் குத்துகிற கருப்பு ஹேர்பின்னின் வளைவில் இடுக்கி, போன் கேமராவுக்கு நேராக டேப் போட்டு ஒட்டினோம். லென்ஸின் ஒரு பக்கம் கொஞ்சம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. இரண்டு விதமாகவும் வைத்துப் பார்த்து ஓரம் வரைக்கும் தெளிவாகத் தெரிகிற பக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று கேமரா உள்ள போனில் எது முதன்மைக் கேமரா என்று ஒவ்வொன்றாக விரலால் மூடிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு மணி நேரம் வீண்.

நிற்க வைக்கிற சட்டம்: ஒரு பலகை, நான்கு மூலையில் நீளமான போல்ட், மேலே போன் வைக்க ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு ஒன்று, நடுவில் ஸ்லைடு வைக்க இன்னொரு தகடு. நடுத்தகட்டை நட்டுகளின் மேல் உட்கார வைத்தால், நட்டைத் திருகித் திருகி ஏற்றி இறக்கலாம். அதுதான் ஃபோகஸ். லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கும் என்பதால் கால் சுற்று திருகினாலே படம் ஓடிவிடும். அடியில் ஒரு எல்இடி டார்ச், அதன் மேல் வெள்ளைத்தாள். இது பேட்டரியில் எரிவதால், முறைவைத்து விடுகிற கரண்ட் எங்களுக்கு எந்த நேரம் வந்தாலும் கவலை இல்லை. பிளாஸ்டிக் ஸ்கேலின் மில்லிமீட்டர் கோடுகளை முதலில் படம் எடுத்து வைத்துக்கொண்டோம், அதை வைத்துத்தான் பிறகு செல்லின் நீளத்தைக் கணக்கிட்டோம். வெங்காயத் தோலின் செல் கால் மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம் வந்தது. செல்களில் இது ராட்சசன், அதனால்தான் இந்த லென்ஸே போதும்.

மிஞ்ஜான் பக்கத்திலிருந்து வரும் சிவப்பு வெங்காயம் இதற்கென்றே விளைந்தது போல இருக்கிறது. ஒரு வெங்காயத்தை நான்காகப் பிளந்து, ஓர் இதழைத் தனியாக எடுத்தால் அதில் இரண்டு தோல். குழிந்த உள்பக்கத் தோல் நிறமில்லாதது, ஊசி முனையால் தூக்கினாலே ஈரக் காகிதமாக உரிந்து வரும். புடைத்த வெளிப்பக்கத் தோல்தான் ஊதா. அது அடம்பிடிக்கும். இதழை ஒடித்து, முழுக்க முறியாமல் மெல்ல இழுத்தால் ஓரத்தில் மெல்லிய ஊதாச் சல்லா கிடைக்கும். விரல் நகம் அளவு போதும். தண்ணீர்த் துளியில் மடிப்பில்லாமல் விரித்து, மேலே மெல்லிய ஒளிபுகும் தாளைச் சின்னதாக வெட்டி மூடினோம்.

திரையில் செங்கல் அடுக்கின மாதிரி செல்கள், ஒவ்வொன்றும் விளிம்பு வரை ஊதா. ஒரு பக்கம் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து, எதிர்ப்பக்கம் டிஷ்யூத் தாளின் முனையைத் தொட வைத்தால் அது உறிஞ்ச உறிஞ்ச உப்புத் தண்ணீர் தோலுக்கு அடியில் ஓடும். கொஞ்ச நேரம் எதுவும் நடக்காது. பிள்ளைகள் போனைப் பிடுங்கப் பார்ப்பார்கள். பிறகு செல்லின் மூலையில் முதலில் ஒரு வெள்ளைக் கீற்று. ஊதா மூலையை விட்டு விலகுகிறது. அப்புறம் பக்கச்சுவரிலிருந்து, சில இடத்தில் பிறை வடிவில், சில இடத்தில் இரண்டாகக் கிள்ளிக்கொண்டு, உருண்டை உருண்டையாகச் சுருங்குகிறது. சுருங்கச் சுருங்க ஊதாவின் அடர்த்தி கூடிக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும், ஏனென்றால் நிறம் அப்படியே இருக்க தண்ணீர் மட்டும் வெளியேறுகிறது. செல் சுவர் அசையாமல் பழைய இடத்திலேயே நிற்கும். இதற்குப் பாடப்புத்தகம் தரும் பெயர் பிளாஸ்மா சிதைவு. எதுவும் சிதையவில்லை என்பது வேறு கதை. வெறும் தண்ணீரை அதே வழியில் ஓடவிட்டால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். அவசரப்பட்டு ஒரேயடியாகத் தண்ணீரைக் கொட்டினால் சில செல்கள் வெடித்து நிறமிழக்கும், அதனால் சொட்டுச் சொட்டாகத்தான்.

ஊதா நிறம் இருப்பது செல்லின் நடுவே உள்ள நுண்குமிழ்ப் பையில். ஆகவே நாம் நேரடியாகப் பார்ப்பது அந்தப் பையின் விளிம்பை. செல் சவ்வு அதற்கு வெளியே, சைட்டோபிளாசம் என்கிற மெல்லிய கூழ்ப் பகுதியைத் தாண்டி இருக்கிறது. இந்த லென்ஸில் இரண்டும் பிரிந்து தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இப்போது நீலச் சாயம். இந்தத் தடவை நிறமில்லாத உள்தோலை எடுத்துக்கொண்டோம். கெட்டியான உப்புத் தண்ணீரில் அதே ஐஸ்கிரீம் நீலத்தைக் கருகருவென்று கலந்து ஓடவிட்டோம். செல்கள் சுருங்கின. சுவருக்கும் சுருங்கிய உருண்டைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நீலம் வந்து நின்றது. உருண்டைக்குள் நீலம் இல்லை, நீலக் குட்டையில் மிதக்கிற வெள்ளைத் தீவுகள். நான் இந்தப் படத்துக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்று சொல்லலாம். முட்டைத் தோலைத் தாண்டிய அதே சாயம், வெங்காயத்தின் செல் சுவரையும் தாண்டிவிட்டது, செல் சவ்வில் நின்றுவிட்டது. முட்டைத் தோலுக்கு வெங்காயத்தில் ஜோடி தேட வேண்டுமென்றால் அது செல்லுலோஸ் சுவர்தான். இன்னொரு துண்டைக் கொதிநீரில் முக்கி எடுத்து அதே சாயத்தில் போட்டோம். செல் முழுக்க நீலம், தீவு கிடையாது. சவ்வு செத்தால் காவல் இல்லை.

"பெருசா இருக்கறதால சாயம் நிக்குதோ?" என்று ஒரு பெண் கேட்டாள். சரி, உப்பு சாயத்தைவிட எவ்வளவோ சின்னது, அதுவும்தானே நிற்கிறது? நின்றதால்தானே செல் சுருங்கியது? அளவு மட்டும் காரணமில்லை என்று வாயால் சொல்வதைவிட ஒரு போட்டி வைத்தோம். மூன்று கரைசல். நகை நிறுக்கிற சின்ன எலக்ட்ரானிக் தராசு ஒன்று கிடைத்தது. நூறு மில்லி கரைசலுக்குச் சர்க்கரை 27.4 கிராம், யூரியா 4.8 கிராம், உப்பு 2.3 கிராம். எடை வேறு வேறாக இருந்தாலும் கரைந்துள்ள துகள்களின் எண்ணிக்கை மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே. சர்க்கரையின் மூலக்கூறு எடை 342, யூரியாவுக்கு 60, உப்பு 58.5, அதுவும் கரையும்போது சோடியம், குளோரைடு என்று இரண்டாகப் பிரிவதால் பாதி போதும். தண்ணீரை இழுக்கிற பலம் எடையில் இல்லை, எண்ணிக்கையில் இருக்கிறது. யூரியா என்பது வயலுக்குப் போடும் அதே வெள்ளை உரம்தான். கால் கிலோ கேட்டால் கடைக்காரர் சும்மாவே கொடுத்துவிடுவார் போலப் பார்ப்பார்.

ஊதாத் தோல் துண்டுகளை மூன்று பாட்டில் மூடிகளில், கரைசலில் மிதக்கவிட்டு, மேலே தட்டுக் கவிழ்த்து வைத்தோம். மூடாவிட்டால் இந்த வெயிலுக்குத் தண்ணீர் ஆவியாகிக் கரைசல் கெட்டிப்பட்டுக் கணக்கே மாறிவிடும். சர்க்கரை மூடிக்கு எறும்பு வரும், கீழே தண்ணீர்த் தட்டு வைக்க வேண்டும். அவ்வப்போது ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துண்டை எடுத்து, அதே கரைசலின் சொட்டிலேயே வைத்துப் படம் எடுத்தோம்.

ஆரம்பத்தில் மூன்றும் ஒன்று போலத்தான் சுருங்கின. பிறகு சர்க்கரையில் இருந்தவை சுருங்கியபடியே கிடந்தன. உப்பிலும் அப்படியே. யூரியாவில் கிடந்தவை, யாரும் தண்ணீர் ஊற்றாமலே, அதே கரைசலில் இருந்தபடியே மெல்ல மெல்ல விரியத் தொடங்கின. மாலை வகுப்பு முடிகிறபோது பல செல்களில் ஊதா மறுபடி சுவரோடு ஒட்டிவிட்டது. செத்து நிறம் பரவிவிட்டதோ என்ற சந்தேகம் வரும். அதற்கு அதே துண்டைச் சர்க்கரைக் கரைசலுக்கு மாற்றினோம், திரும்பவும் சுருங்கியது. உயிர் இருக்கிறது, சவ்வு வேலை செய்கிறது. யூரியா மட்டும் உள்ளே புகுந்து இரண்டு பக்கமும் சமமாகிவிட்டதால், அதன் பின்னாலேயே தண்ணீரும் திரும்பியிருக்கிறது.

யூரியாவும் உப்பும் ஏறத்தாழ ஒரே எடை. ஒன்று நுழைகிறது, ஒன்று வெளியே நிற்கிறது. இந்த இடத்தில் அளவு என்கிற விளக்கம் விழுந்துவிடுகிறது. இது எங்கள் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ் 1884-இல் இதே சுருங்கும் வித்தையை வைத்துத்தான் கரைசல்களின் பலத்தை ஒப்பிட்டார். அவர் பயன்படுத்திய செடிகளில் ஒன்று ரியோ. மேலே பச்சை, அடியில் ஊதாவாக இருக்கும் அந்த இலைச்செடி இங்கே பாதி வீடுகளின் வாசல் தொட்டியில் நிற்கிறது. வெங்காயம் உரிக்க வராதவர்கள் அதன் அடித்தோலை உரிக்கலாம். யூரியா செல்லுக்குள் புகுவதைப் பற்றி அவர் 1889-இல் எழுதினார். பிறகு எர்னஸ்ட் ஓவர்டன் என்பவர் 1890-களில் நூற்றுக்கணக்கான பொருள்களை இதே முறையில் சோதித்து, எண்ணெயில் கரையக்கூடியது எதுவோ அதுவே செல்லுக்குள் சுலபமாகப் போகிறது என்று கண்டார். ஆகவே செல்லின் எல்லை எண்ணெய்த் தன்மை உள்ள ஒரு படலமாக இருக்க வேண்டும்.

அந்தப் படலத்தைக் காட்ட எனக்குத் தெரிந்த மலிவான வழி சோப்பு. பாத்திரம் கழுவும் திரவம், கொஞ்சம் சர்க்கரை, தண்ணீர். துணி மாட்டும் கம்பியை வளையமாக வளைத்து முக்கி எடுத்தால் படலம். ஒரு சின்ன நூல் வளையத்தைச் சோப்பில் நனைத்து அதன் மேல் போட்டால், படலத்தின் மேலேயே அங்கும் இங்கும் வழுக்கிப் போகும். நூல் வளையத்துக்குள் உள்ள படலத்தை மட்டும் உலர்ந்த ஊசியால் குத்தினால், அந்த இடம் மட்டும் ஓட்டையாகி நூல் வட்டமாக விறைத்து நிற்கும், சுற்றியுள்ள படலம் உடையாது. ஓட்டை வழியாகப் பென்சிலை விட்டு எடுக்கலாம், ஓட்டையைப் படலத்தோடு சேர்த்து நகர்த்தவும் செய்யலாம். ஈரக் கையை நேரடியாகப் படலத்துக்குள் நுழைத்து எடுத்தாலும் அது மூடிக்கொள்ளும். செல் சவ்வில் புரதங்கள் இருக்கும் விதம் ஏறக்குறைய இதுதான். சிங்கரும் நிக்கல்சனும் 1972-இல் சொன்ன திரவ மொசைக் மாதிரி என்பது இந்த வழுக்கலைத்தான் குறிக்கிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, ஃபிரையும் எடிடினும் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும் ஒட்டவைத்து ஒரே செல்லாக்கி, இரண்டின் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிரும் நிறம் பூசிப் பார்த்தார்கள். உடல் வெப்பநிலையில் 40 நிமிடத்தில் இரண்டும் கலந்துவிட்டன.

ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. சோப்பு மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலை ஒன்று, தண்ணீரை வெறுக்கும் எண்ணெய் வால் ஒன்று. சோப்புப் படலத்தில் நடுவில் தண்ணீர், இருபுறமும் காற்று, அதனால் வால்கள் வெளியே காற்றைப் பார்த்து நிற்கும். செல்லில் இரண்டு பக்கமும் தண்ணீர். அதனால் பாஸ்போலிப்பிட்டுகள், அதாவது இதே போலத் தலையும் வாலும் உள்ள லிப்பிட் (கொழுப்பு) மூலக்கூறுகள், இரண்டு வரிசையாக, வாலோடு வால் உள்ளே வைத்து, தலைகளை வெளியே காட்டி நிற்கின்றன. உள்ளே வெளியே தலைகீழ், அடுக்கு முறை ஒன்றே. நடுவில் உள்ள அந்த வால் பகுதி எண்ணெய் என்பதால்தான் மின்னேற்றம் உள்ள சோடியம், குளோரைடு அயனிகளுக்கு அங்கே இடமில்லை. தண்ணீரை உடையாகச் சுற்றிக்கொண்டு திரியும் அயனி, அதைக் கழற்றிவிட்டு எண்ணெய்க்குள் குதிக்காது. வெறும் லிப்பிட் படலத்தைத் தண்ணீர் கடக்கிற வேகத்தோடு ஒப்பிட்டால் சோடியம் கடப்பது கோடிக்கணக்கான மடங்கு மெதுவு. யூரியாவுக்கு மின்னேற்றம் இல்லை, சின்னது, ஆகவே மெதுவாகவேனும் போகிறது. சர்க்கரைக்கும் மின்னேற்றம் இல்லைதான், ஆனால் பெரிய உருவம், உடம்பெங்கும் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் முனைகள். அது நிற்கிறது.

இரட்டை அடுக்கு என்று எப்படித் தெரியும் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1925-இல் லெய்டனில் கோர்ட்டர், கிரெண்டெல் என்ற இருவர், ரத்தச் சிவப்பணுக்களிலிருந்து லிப்பிட்டை அசிட்டோனில் பிரித்தெடுத்துத் தண்ணீர்ப் பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது பிடித்த பரப்பு, அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. ஆகவே இரண்டு அடுக்கு. பிற்பாடு பார்த்தால் அசிட்டோன் லிப்பிட் முழுவதையும் எடுக்கவில்லை, அணுவின் மேற்பரப்பையும் அவர்கள் குறைத்தே அளந்திருக்கிறார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை சரியாக வந்துவிட்டது. பரீட்சையில் இப்படி வந்தால் மார்க் போடுவீர்களா என்று பிள்ளைகள் கேட்டார்கள். வழிமுறைக்குக் குறைப்பேன் என்றேன்.

சோப்புப் படலத்தைச் செங்குத்தாகப் பிடித்து அசையாமல் வைத்திருங்கள். வானவில் நிறங்கள் கீழே இறங்க, மேல் ஓரம் கடைசியில் கருப்பாகும். அந்த இடம் 30 நானோமீட்டருக்கும் கீழே மெலிந்துவிட்டது என்று பொருள், உடைவதற்கு முந்தைய கணம் அது. செல் சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான். 1962-இல் முதன்முதலாகச் செயற்கை லிப்பிட் சவ்வைத் தண்ணீருக்குள் ஒரு துளையில் படியவைத்தபோதும், அது மெலிந்து கருப்பாவதைப் பார்த்துத்தான் இரட்டை அடுக்கு உருவானதை அறிந்தார்கள்.

எண்ணெய்ப் படலம் என்றால் தண்ணீர் மட்டும் எப்படி இவ்வளவு வேகமாகப் போகிறது என்று பெரிய பையன் கேட்டான். தண்ணீர் ஓரளவு நேரடியாகவே ஊடுருவும். ஆனால் சிவப்பணு, சிறுநீரகம் போன்ற இடங்களில் நடக்கும் வேகத்துக்கு அது போதாது. பீட்டர் ஆக்ரே குழுவினர் 1992-இல் செய்த சோதனை நம் முட்டைக் கதைக்குச் சொந்தக்காரன். அவர்கள் எடுத்தது தவளையின் முட்டைச் செல், அதாவது நிஜமான செல் சவ்வு உள்ள முட்டை. தவளை குளத்தில் இடுகிற முட்டை என்பதால் அது இயல்பில் தண்ணீரை அவ்வளவாக உள்ளே விடாது. சிவப்பணுவில் கண்டெடுத்த ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய ஆர்என்ஏவை அதற்குள் ஊசியில் செலுத்தி, புரதம் உருவாக விட்டு, நீர்த்த கரைசலில் போட்டார்கள். ஊசி போட்டவை உப்பி வெடித்தன, போடாதவை அப்படியே இருந்தன. அந்தப் புரதம்தான் அக்வாபோரின், சவ்வில் தண்ணீர் போகிற கால்வாய். ஒரு கால்வாய் வழியே நொடிக்கு நூறு கோடிக் கணக்கில் தண்ணீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகும், அயனி ஒன்றுகூடப் போகாது. 2003-இல் ஆக்ரேவுக்கு வேதியியல் நோபல் பரிசு, பொட்டாசியம் கால்வாயின் அமைப்பைக் கண்ட ராட்ரிக் மெக்கின்னனோடு பகிர்ந்து.

சவ்வில் அயனிகளை இறைக்கிற புரதங்களான பம்புகளைச் சமையலறையில் காட்ட எனக்கு வழி தெரியவில்லை. அதை வாயால்தான் சொன்னேன். சரிவில் இறங்குகிற மாதிரி அல்லாமல், அடர்த்தி குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு ஏற்றுவதற்குச் செல் ஆற்றல் செலவழிக்க வேண்டும். சோடியம் பொட்டாசியம் பம்பு ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்றைச் செலவிட்டு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. ஜென்ஸ் ஸ்கூ இதை 1957-இல் நண்டின் நரம்பில் கண்டார், நோபல் 1997-இல் வந்தது. இது வெறும் பெயர்ப்பட்டியலாகப் போய்விடுகிறதே என்று தோன்றியதால் மழைக்காலத்து வயிற்றுப்போக்குக்கு வந்தேன். அது இங்கே எல்லா வீட்டுக்கும் தெரிந்த விஷயம்.

கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய டீஸ்பூனால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. இழந்த தண்ணீரை மீட்கத்தான் குடிக்கிறோம், அதில் சர்க்கரை எதற்கு? தெம்புக்கு என்றார்கள். பாட்டிமார் சொல்வதும் அதுதான். உண்மையில் குடல் செல்லில், உணவு போகிற பக்கத்துச் சவ்வில் உள்ள ஒரு புரதம், இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே எடுக்கும். நாம் போடும் சர்க்கரையைக் குடல் சுவரிலேயே உள்ள நொதி குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்துக் கொடுக்கிறது. சோடியமும் குளுக்கோஸும் உள்ளே போகப் போகத் தண்ணீர் பின்னாலேயே போகிறது, சவ்வூடுபரவல். செல்லுக்குள் சேரும் சோடியத்தை ரத்தப் பக்கமாக அந்தப் பம்பு வெளியேற்றிக்கொண்டே இருப்பதால்தான் இது ஓடுகிறது. காலராவில் மற்ற வழிகள் குலைந்தாலும் இந்த வழி கெடுவதில்லை. ராபர்ட் கிரேன் 1960-இல் இந்த ஜோடிப் பயணத்தை முன்வைத்தார். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மகலனாபிஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலை டிரம் டிரம்மாகக் கரைத்துக் கொடுத்து உயிர்களைக் காப்பாற்றினார். அதற்காகச் சர்க்கரையைக் கூட்டினால் இன்னும் நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம். கூடினால் அது குடலுக்குள் நின்று தண்ணீரை எதிர்ப்பக்கம் இழுத்துப் போக்கை அதிகமாக்கும். யூரியா மூடியும் சர்க்கரை மூடியும் பக்கத்திலேயே இருந்ததால் இதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பீட்ரூட்டையும் செய்தோம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே அளவுத் துண்டுகள், நிறம் போகும்வரை கழுவியது முக்கியம், வெட்டும்போது கிழிந்த செல்களின் சாயம் அதில் போய்விடும். குளிர்ந்த தண்ணீரில் இருந்தது ஏறக்குறைய நிறம் விடவில்லை. கைபொறுக்கிற சூட்டில் லேசாக. 60 டிகிரிக்கு மேல் போனது சிவப்பாகக் கொட்டியது. மருந்துக்கடைச் சாராயத்தில் போட்டதும் கொட்டியது. சூடு புரதத்தைக் குலைக்கிறது, சாராயம் லிப்பிட்டுகளின் அடுக்கையே கலைக்கிறது. பார்க்க அழகு, ஆனால் வெங்காயம் கற்றுக்கொடுக்கிற அளவு கற்றுக்கொடுக்காது.

செய்ய நினைப்பவர்களுக்கு: முளைவிட்ட வெங்காயம் வேண்டாம், உள்தோல் கிழிந்துகொண்டே வரும். வினிகர் முட்டையை ஃபிரிட்ஜில் வைக்க முடியாத நாட்களில் இரண்டாம் நாளே தூக்கிப்போட்டுவிடுங்கள், நாற்றம் படி இறங்கிப் போகும். யூரியா தொட்ட ஸ்பூனைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டாம். கிளிசரினும் யூரியா போலவே உள்ளே போகும் பொருள்தான், ஆனால் இன்னும் மெதுவாம். மருந்துக்கடையில் ஒரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். நூறு மில்லிக்கு 7.4 கிராம் கலந்தால் மற்ற மூன்றோடும் துகள் கணக்கு ஒத்துப்போகும்.